ஊர் விட்டு ஊர் போகத் தடை: வட்டாரப் பொருளாதாரத்தில் அது செய்யும் வேலை

இராமநாதபுரம் கடற்கரையில், தொண்டி முதல் சாயல்குடி வரை எந்த ஊரில் பேச்சுக் கொடுத்தாலும் இரண்டு குறைகள் காதில் விழும். "படித்த பிள்ளைகள் எல்லாம் சென்னைக்கும் திருப்பூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டதால்தான் நம் மாவட்டம் இப்படிக் கிடக்கிறது" என்பது ஒன்று. "வெளிமாநிலத்துக்காரர்கள் குறைந்த கூலிக்கு வந்து நிற்பதால்தான் உள்ளூர்க்காரனுக்கு வேலை இல்லை" என்பது மற்றொன்று. முதல் குறையைச் சொன்னவரே சற்று நேரத்தில் இரண்டாவதையும் சொல்வார். தம் மகன் திருப்பூரில் வெளியூர்க்காரன் என்பது அந்த நேரத்தில் அவருக்கு நினைவிருக்காது. இரண்டு குறைகளுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான்: ஆட்கள் இடம் மாறுவதை அரசு கட்டுப்படுத்தினால், போகும் ஊரும் பிழைக்கும், வரும் ஊரும் பிழைக்கும் என்பது.

அப்படிக் கட்டுப்படுத்திப் பார்த்த நாடுகள் உண்டு. சில நாடுகள் அதை அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் செய்தன. என்ன நடந்தது என்பதும் நமக்குத் தெரியும். பெரும்பாலும் தடை ஆட்களை நிறுத்தவில்லை. அவர்கள் எந்த நிபந்தனைகளோடு போகிறார்கள் என்பதையே மாற்றியது. அந்த நிபந்தனை மாற்றம்தான் ஒரு பகுதியைச் செல்வமாகவும் மற்றொரு பகுதியை வறுமையாகவும் நீண்ட காலம் உறையவைத்தது. இது எப்படி நிகழ்கிறது என்பதைப் பொருளியல் படிக்காதவரும் பின்தொடரும்படி சொல்வதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் இரண்டு சொற்கள். ஒரு நாட்டின் எல்லைக்குள்ளேயே பிழைப்புக்காகவோ, படிப்புக்காகவோ, திருமணத்தாலோ ஓரிடத்தை விட்டு மற்றோரிடத்தில் போய் வாழ்வதை 'உள்நாட்டு இடப்பெயர்வு' என்கிறோம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அப்படி இடம்பெயர்ந்தவர்கள் ஏறத்தாழ 45 கோடிப் பேர். அவர்களில் மாநில எல்லையைக் கடந்தவர்கள் சுமார் 5.4 கோடி மட்டுமே. அடுத்தது 'வட்டாரப் பொருளாதாரம்'. ஒரு மாவட்டத்திலோ மாநிலத்திலோ உள்ள நிலம், தொழில், உழைப்பு, சந்தை ஆகியவை ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் முறையையும், அந்த வட்டாரம் பிற வட்டாரங்களோடு கொள்ளும் கொடுக்கல் வாங்கலையும் அது குறிக்கும்.

முன்பணம் வாங்கிய கூலி மீனவர்

இந்தக் கடற்கரையில் எல்லோரும் அறிந்த ஒரு வழக்கத்திலிருந்து தொடங்கலாம். விசைப்படகில் வேலைக்குப் போகும் கூலி மீனவர்கள் பலர், படகு முதலாளியிடம், அதாவது சம்மாட்டியிடம், முன்பணம் வாங்கியிருப்பார்கள். வீட்டில் ஒரு கல்யாணம், ஒரு மருத்துவச் செலவு, மீன்பிடித் தடைக்காலத்து அரிசி என்று அதற்குக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் வரை வேறு படகில் ஏறக் கூடாது என்பது எழுதப்படாத ஒப்பந்தம்.

பக்கத்துப் படகுக்கு நல்ல மீன்பாடு கிடைத்து, அதில் பங்கும் கூடுதலாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் வாங்காதவர் அங்கே மாறிவிடுவார், வாங்கியவரால் முடியாது. அவருடைய பங்கு பழைய அளவிலேயே நிற்கிறது. அவரைக் கட்டிவைத்திருக்கும் முதலாளிக்கோ பங்கை உயர்த்த வேண்டிய நெருக்கடி எதுவும் இல்லை, இயந்திரத்தையும் வலையையும் புதுப்பிக்க வேண்டும் என்ற அவசரமும் குறைவு. நன்றாக ஓடும் படகின் முதலாளிக்கு ஆள் போதவில்லை. அவர் சில நாள் ஆள் குறைவாகக் கடலுக்குப் போகிறார், சில நாள் போவதே இல்லை. இரண்டு படகுகளும் சேர்ந்து கரைக்குக் கொண்டுவரும் மீனின் மொத்த மதிப்பு குறைகிறது. மீனவருக்கு மட்டும் நட்டம் என்று நாம் முதலில் நினைத்தது, துறைமுகம் முழுவதற்குமான நட்டமாக முடிகிறது.

இன்னொன்றும் நடக்கும். நெருக்கடி முற்றியவர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு ஊர்த் துறைமுகத்துக்குப் போய்ப் படகேறிவிடுவார். அங்கே அவர் ஒளிந்து வேலை செய்பவர். கணக்கில் குறை வந்தாலும், அடிபட்டாலும், பஞ்சாயத்தில் நின்று கேட்க அவருக்கு முகம் இராது. ஆகவே மற்றவர்களைவிடக் குறைந்த பங்குக்கு அவர் உடன்படுவார். முன்பணத்தை முழுக்கத் தீமை என்று சொல்லவும் மனம் வரவில்லை. வங்கி எட்டிப் பார்க்காத வீட்டுக்கு அதுதான் வங்கி. ஆனால், ஆளின் காலைக் கட்டும் எந்த ஏற்பாடும் கூலியின் விலையை மாற்றிவிடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கம் வேறில்லை. மேலே சொன்னதில் படகு என்று வரும் இடத்திலெல்லாம் மாவட்டம் என்றும், முன்பணம் என்று வரும் இடத்திலெல்லாம் அரசின் இடப்பெயர்வுத் தடை என்றும் வைத்துப் படித்தால், இனி வரப்போவதில் பாதி புரிந்துவிடும்.

ஊதிய இடைவெளி ஏன் மூடுகிறது, ஏன் மூடுவதில்லை

ஒருவர் ஒரு நாள் உழைப்பில் உருவாக்கும் மதிப்பை 'உற்பத்தித் திறன்' என்கிறோம். இது அவருடைய உடல் வலிமையையும் கைத்திறமையையும் மட்டுமே பொறுத்தது என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும் பகுதி அவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. வடகிழக்குப் பருவமழையையும் கண்மாயையும் நம்பி ஆண்டுக்கு ஒரு போகம் விளையும் நிலத்தில் ஓர் இளைஞர் உருவாக்கும் மதிப்பு ஓர் அளவு. அதே இளைஞர் திருப்பூரில் ஒரு தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தால், அவருக்குப் பின்னால் மின்சாரம், சாயப்பட்டறை, பொத்தான் கடை, சரக்கு லாரி, வெளிநாட்டு வாடிக்கையாளர் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. அவர் உருவாக்கும் மதிப்பு பல மடங்காகிறது. இப்படித் தொழில்களும் தொழிலாளர்களும் வாங்குவோரும் ஓரிடத்தில் கூடுவதால் எல்லோருக்கும் கிடைக்கும் கூடுதல் ஆதாயத்துக்குத் 'திரளல் பயன்' என்று பெயர்.

இரண்டு இடங்களில் ஒரே தரத்து உழைப்புக்குக் கிடைக்கும் கூலியின் வேறுபாடு 'ஊதிய இடைவெளி'. ஆட்கள் தடையின்றிப் போக முடிந்தால் இந்த இடைவெளி தானாகச் சுருங்கத் தொடங்கும். ஆள் கூடும் இடத்தில் கூலி ஏறும் வேகம் தணியும். ஆள் குறையும் இடத்தில், மீதமிருப்பவர்களின் கூலி உயரும். நம் மாவட்டத்தில் அறுவடைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று நிலக்காரர்கள் சலித்துக்கொள்வது, கூலிக்காரரின் பக்கத்திலிருந்து பார்த்தால் நல்ல செய்தி. அறுவடை இயந்திரம் ஊருக்குள் வந்ததற்கும் அந்தச் சலிப்பே ஒரு காரணம். போதாக்குறைக்கு, போனவர்கள் பணம் அனுப்புகிறார்கள். போய்வந்தவர்கள் தொழில் தெரிந்து வருகிறார்கள்.

தடை விதித்தால் இந்த மூடும் வேலை நின்றுபோகிறது. ஏழை வட்டாரத்தில் உழைப்பு தேங்கிக் கூலி தாழ்கிறது. வளரும் வட்டாரத்தில் ஆள் போதாமல் திரளல் பயன் அரைகுறையாக நிற்கிறது. இரண்டு இடங்களையும் கூட்டிப் பார்த்தால் நாட்டின் மொத்த உற்பத்தி, இருந்திருக்கக்கூடிய அளவுக்குக் கீழே விழுகிறது.

சுருக்கமாக: மனிதர் மாறாமலே, இடம் மாறினால் அவருடைய உழைப்பின் மதிப்பு மாறுகிறது. அந்த மதிப்பு வேறுபாட்டைக் குறைக்கும் வழிகளில் ஒன்று இடப்பெயர்வு. அதை அடைத்தால் வேறுபாடு நிலைத்துவிடுகிறது.

கதவை அடைப்பதும், உரிமையை வாசலில் கழற்றி வைக்கச் சொல்வதும்

தடை என்றதும் சோதனைச் சாவடியும் காவலரும்தான் நினைவுக்கு வருவார்கள். அது ஒரு வகை. அதைக் கடுந்தடை எனலாம். சோவியத் ஒன்றியம் 1932இல் உள்நாட்டுக் கடவுச்சீட்டு முறையைக் கொண்டுவந்தபோது, கூட்டுப் பண்ணை விவசாயிகளில் பெரும்பாலோருக்கு அந்தச் சீட்டையே கொடுக்கவில்லை. சீட்டு இல்லாமல் நகரத்தில் குடியிருக்க முடியாது. அவர்களுக்கும் கடவுச்சீட்டு உண்டு என்ற ஆணை 1974இல்தான் வந்தது.

இரண்டாவது வகை மென்மையானது. அதனாலேயே எளிதில் கண்ணில் படாதது. நீ எங்கு வேண்டுமானாலும் போகலாம், வேலையும் செய்யலாம். ஆனால் உன் ரேஷன், உன் பிள்ளையின் பள்ளி, உன் மருத்துவக் காப்பீடு, உன் ஓய்வூதியம் எல்லாம் நீ பிறந்த ஊரில்தான் கிடைக்கும் என்று சொல்வது. ஓர் உரிமை ஆளோடு சேர்ந்து பயணம் செய்ய முடிந்தால் அதற்கு 'உரிமைப் பெயர்ச்சி' உண்டு என்போம். இந்த இரண்டாவது வகைத் தடை உரிமைப் பெயர்ச்சியை மறுக்கிறது, ஆளை மறுப்பதில்லை. இரண்டு வகைகளும் ஒரே நாட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததற்குச் சீனாவே சான்று.

சீனாவின் ஹூக்கோ

சீனாவில் குடும்பப் பதிவு முறைக்கு ஹூக்கோ என்று பெயர். 1958 ஜனவரியில் வந்த சட்டம் மக்களை 'வேளாண்', 'வேளாண் அல்லாத' என்று இரண்டாகப் பிரித்துப் பதிவு செய்தது. பதிவு பிறப்போடு வருவது. கிராமத்தில் பிறந்தவர் நகரப் பதிவு பெறுவது அரிது. அன்றைக்கு நகரங்களில் தானியம் வாங்கக் கூப்பன் வேண்டும். கூப்பன் நகரப் பதிவு உள்ளவருக்கே கிடைக்கும். ஆகவே, காவலர் தடுக்காவிட்டாலும் வயிறு தடுத்துவிடும்.

1978க்குப் பிறகு சந்தைச் சீர்திருத்தங்கள் தொடங்கின. 1980இல் ஷென்சென் சிறப்புப் பொருளாதார மண்டலமானது. தென்கிழக்குக் கடலோர மாகாணங்களில் தொழிற்சாலைகள் எழுந்தன, அவற்றுக்குக் கோடிக்கணக்கில் ஆள் தேவைப்பட்டது. அரசு கதவைத் திறந்தது, பதிவை மட்டும் மாற்றவில்லை. சிச்சுவான், ஹெனான், அன்ஹுய் போன்ற உள்நாட்டு மாகாணங்களிலிருந்து இளைஞர்கள் தற்காலிகச் சீட்டோடு வந்து குவிந்தார்கள். சீட்டு கையில் இல்லாதவரைப் பிடித்துவைத்துச் சொந்த ஊருக்கு அனுப்பும் அதிகாரம் காவல்துறைக்கு இருந்தது. 2003இல் குவாங்சோ நகரில் அப்படிப் பிடிக்கப்பட்ட சுன் ஷிகாங் என்ற 27 வயது இளைஞர் காவலில் அடித்துக் கொல்லப்பட்டதும் நாடெங்கும் எழுந்த கொதிப்பில், பிடித்து அனுப்பும் அந்த முறை அதே ஆண்டில் நீக்கப்பட்டது. கடுந்தடை அத்தோடு ஏறத்தாழ முடிந்தது. உரிமைத் தடை முடியவில்லை.

2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு அதன் அளவைக் காட்டுகிறது. சீன மக்களில் ஏறத்தாழ 64 சதவீதம் பேர் நகரங்களில் வாழ்ந்தார்கள். நகரப் பதிவு உள்ளவர்களோ ஏறத்தாழ 45 சதவீதம்தான். 141 கோடி மக்களில் இந்த இடைவெளி ஏறத்தாழ 26 கோடிப் பேர். நகரத்தில் உழைத்து, நகரத்தில் உறங்கி, காகிதத்தில் கிராமத்தில் இருப்பவர்கள் இவர்கள்.

இது வட்டாரங்களை எப்படி வடிவமைத்தது என்பதில்தான் நம் பாடம் இருக்கிறது. ஒரு தொழிலாளியை உருவாக்கப் பதினெட்டு, இருபது ஆண்டுகள் ஆகின்றன. பால், தடுப்பூசி, பள்ளி, நோய் என்று அவ்வளவு செலவும் உள்நாட்டு மாகாணத்துடையது. அவர் நன்றாக உழைக்கும் ஆண்டுகளின் பலன் கடலோர மாகாணத்துக்குப் போகிறது. முதுமையில் அவர் திரும்பிவரும்போது மருத்துவச் செலவு மீண்டும் உள்நாட்டு மாகாணத்தின் தலையில். அவருடைய பிள்ளை நகரத்துப் பள்ளியில் சேர்ந்தாலும், பல்கலைக்கழக நுழைவுத் தேர்வைப் பதிவுள்ள மாகாணத்தில்தான் எழுத வேண்டும் என்ற விதி நெடுங்காலம் பொதுவாக இருந்தது. ஆகவே, பல பெற்றோர்கள் பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டுத் தனியாகப் போனார்கள். கிராமத்து நிலத்தின் மீதான உரிமையும் கிராமப் பதிவோடு பிணைந்திருந்ததால், போனவர் நிலத்தை விற்றுவிட்டு நகரத்தில் வேரூன்றவும் வழியில்லை. காப்பீடு இல்லாதவர் வருங்காலத்துக்குப் பயந்து சம்பாதித்ததைச் செலவழிக்காமல் சேர்த்துவைத்தார். அதனால் உள்நாட்டுச் சந்தையும் மெலிந்தது.

கடலோர ஆலைகளுக்கு இந்த ஏற்பாடு இனித்ததற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை: குடும்பம் இல்லாத, கேள்வி கேட்க முடியாத, தேவை முடிந்தால் திருப்பி அனுப்பக்கூடிய உழைப்பு. நகராட்சிகளுக்கும் அவர்களுக்கென்று பள்ளி கட்ட வேண்டிய செலவு மிச்சம். ஆயினும் பல சீன நகரங்கள், திரளல் பயனை முழுமையாகப் பெறுவதற்கு வேண்டிய அளவைவிடச் சிறியனவாகவே நின்றுவிட்டன என்று பொருளியலாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். 2014இல் 'வேளாண்', 'வேளாண் அல்லாத' என்ற பிரிவினையை நீக்க அரசு முடிவெடுத்தது. சிறு நகரங்களில் பதிவு பெறுவது எளிதாயிற்று. பெய்ஜிங், ஷாங்காய் போன்ற பெருநகரங்களில் இன்றும் கடினம். மக்கள் போக விரும்புவதோ அங்கேதான்.

சுருக்கமாக: உரிமைத் தடை உழைப்பைக் கடற்கரைக்கு அனுப்பி, உழைப்பாளியை உருவாக்கும் செலவையும் பாதுகாக்கும் செலவையும் உள்நாட்டிலேயே நிறுத்தியது.

வறுமையைத் திட்டமிட்டு வளர்த்த நாடு

தென்னாப்பிரிக்காவைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. அங்கே ஆட்சியிலிருந்த வெள்ளையரின் நோக்கம் ஒளிவுமறைவில்லாதது. 1913ஆம் ஆண்டு நிலச் சட்டம், பெரும்பான்மையினரான கறுப்பின மக்கள் நிலம் வாங்கக்கூடிய பரப்பை நாட்டின் சுமார் 7 சதவீதத்துக்குள் ஒதுக்கியது. 1936இல் அது 13 சதவீதம் அளவுக்கு விரிக்கப்பட்டது. நகரத்தில் இருக்க அனுமதிச் சீட்டு வேண்டும். சுரங்கத்துக்கு ஆண்கள் மட்டும் ஒப்பந்தத்தில் வந்து கொட்டடிகளில் தங்கினார்கள். மனைவி மக்கள் ஒதுக்கு நிலத்தில். அந்த நிலம் குடும்பத்துக்குச் சோறு போடும் என்று கணக்குக் காட்டி, ஒற்றை ஆளின் வயிற்றுக்கு மட்டும் கூலி கொடுத்தது சுரங்கம். நிலமோ நெருக்கடி தாங்காமல் தேய்ந்தது. அனுமதிச் சீட்டுச் சட்டங்கள் 1986இல் நீக்கப்பட்டன. ஆனால், அன்று ஒதுக்கப்பட்ட அந்தப் பகுதிகள் இன்றும் அந்நாட்டின் மிக வறிய பகுதிகளாகவே இருக்கின்றன. தடையைக் காகிதத்தில் ஒரே நாளில் எடுத்துவிடலாம். அது உருவாக்கிய வரைபடம் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை.

நம் மண்ணிலேயே நடந்தது

இவையெல்லாம் எங்கோ நடந்தவை என்று நினைப்பவர்களுக்கு, இதே மாவட்டத்தின் வரலாற்றில் ஒரு பக்கம் உண்டு. பிரித்தானிய அரசு 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அது சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்தது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். மதுரைப் பக்கம் பிறமலைக் கள்ளர்கள் மீதும், 1929இல் முதுகுளத்தூர், கமுதிப் பகுதியின் ஆப்பநாட்டு மறவர்கள் மீதும் அது பாய்ந்தது. ஒரு சமூகத்தில் பிறந்ததே குற்றம் என்று கொண்டு, ஆண்களின் கைரேகையைப் பதிந்து, இரவில் காவல் நிலையத்தில் வந்து படுக்கச் சொன்னார்கள். வெளியூர் போக வேண்டுமென்றால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். முத்துராமலிங்கத் தேவர் உள்ளிட்டோர் நடத்திய நீண்ட போராட்டத்துக்குப் பின் 1947இல் சென்னை மாகாணத்தில் இச்சட்டம் நீக்கப்பட்டது.

இதை மான உணர்வின் வரலாறாக மட்டுமே நாம் பேசிவருகிறோம். அது பொருளாதாரத்தின் வரலாறும்கூட. இரவில் ஊரில் இருந்தே ஆக வேண்டியவர், மழை பொய்த்த ஆண்டில் இரண்டு மாதம் தஞ்சைப் பக்கம் அறுவடைக்குப் போய்வர முடியாது. தொலைவான சந்தைக்கு மாடு ஓட்டிப்போய்த் தங்கி விற்றுவர முடியாது. உள்ளூரில் கிடைக்கும் கூலியே அவருக்கு உலகத்தின் கூலி. முன்பணம் வாங்கிய மீனவரின் நிலை, ஒரு சமூகம் முழுவதற்கும் சட்டத்தின் பெயரால் வந்தது.

அதே ஆண்டுகளில், இதே மாவட்டத்தின் கிழக்குக் கடற்கரையில் எதிரான காட்சி. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களை உடல் பரிசோதனைக்கும் தொற்றுநோய்க் கண்காணிப்புக்கும் தங்கவைக்க மண்டபத்தில் ஒரு முகாம் இயங்கியது. மண்டபம் கேம்ப் என்ற பெயர் இன்றும் ரயில் நிலையத்தில் நிற்கிறது. 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் ஓடியதால் அந்தப் போக்குவரத்து எளிதாயிற்று. தோட்டத்துக்கு உழைப்பு வேண்டும் என்றபோது அதே ஆட்சி கடல் தாண்டவும் வழி செய்தது. ஆளை ஊரில் அடக்கிவைக்க வேண்டும் என்றபோது அடுத்த ஊருக்கும் சீட்டுக் கேட்டது. இடப்பெயர்வுச் சட்டங்களைப் படிக்கும்போது, இதனால் யாருக்கு உழைப்பு மலிவாகக் கிடைக்கிறது என்று கேட்டுக்கொண்டே படிப்பது நல்ல பழக்கம்.

இன்றைய இந்தியா: சீட்டு இல்லை, சிக்கல் உண்டு

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு, நாடெங்கும் தடையின்றிச் செல்லவும், எங்கும் குடியேறி வாழவும், எத்தொழிலையும் செய்யவும் குடிமக்களுக்கு உரிமை தருகிறது. பொது நலனுக்காகவும் பழங்குடியினரின் நலனுக்காகவும் நியாயமான வரம்புகள் வைக்கவும் அதே பிரிவு இடம் தருகிறது. அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் ஆகிய மாநிலங்களுக்குள் வெளியார் செல்ல உள்கோட்டு அனுமதி வேண்டும். அதன் வேர் 1873ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதி. சிறிய பழங்குடிச் சமூகங்கள் தம் நிலத்தையும் மொழியையும் இழந்துவிடாமல் காக்க அது வேண்டும் என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. எல்லாத் தடையும் மலிவு உழைப்புக்காக வந்தது அல்ல.

மற்றபடி இந்தியாவில் இருப்பவை உரிமைத் தடைகள். ரேஷன் அட்டை நீண்ட காலம் குறிப்பிட்ட கடைக்கே கட்டுப்பட்டிருந்தது. 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. 2022 ஜூனுக்குள் எல்லா மாநிலங்களும் சேர்ந்துவிட்டன. ஆனால், மாநிலம் கடந்து செல்பவருக்குத் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் தானியம் மட்டுமே கிடைக்கும். ஒரு மாநிலம் தன் செலவில் தரும் பருப்பும் எண்ணெயும் அதன் எல்லையோடு நின்றுவிடும். கட்டடத் தொழிலாளர் நல வாரியங்களும் மாநிலத்துக்கு ஒன்றாக இருக்கின்றன. கல்லூரி இடங்களிலும் அரசு வேலைகளிலும் இருப்பிடச் சான்று கேட்கிறார்கள். பள்ளியின் பயிற்று மொழி மாறிவிடுகிறது. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே சிறியவை. சேர்ந்தால் மாநில எல்லை ஒரு கண்ணுக்குத் தெரியாத மதிலாகிறது. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு விவரங்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள், மொழி வேறுபாட்டையும் கணக்கில் கொண்ட பிறகும், ஒரே மாநிலத்துக்குள் இருக்கும் அண்டை மாவட்டங்களுக்கிடையே நடக்கும் இடப்பெயர்வு, நடுவில் மாநில எல்லை ஓடும் அண்டை மாவட்டங்களுக்கிடையே நடப்பதைவிடக் குறைந்தது 50 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள்.

நம் கடற்கரைக்கு இதில் தனிக்கதை உண்டு. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். கேரளத்தில் இழுவலைப் படகுகளுக்கான தடை ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி ஜூலை 31 வரை. இரண்டும் சில நாட்கள் தவிர ஒன்றையொன்று மோதுவதில்லை. படகு ஒரு மாநிலத்தில் பதிவானது. நினைத்தபடி இன்னொரு மாநிலக் கடலில் போய்த் தொழில் செய்ய முடியாது. ஆனால் ஆள் போகலாம். இராமநாதபுரத்துக் கூலி மீனவர் ஒருவர் ஏப்ரல் நடுவில் பேருந்தேறிக் கொச்சிப் பக்கம் போய், ஜூன் தொடக்கம் வரை அங்குள்ள படகில் வேலை செய்துவிட்டு, இங்கே தடை முடியும் நேரத்துக்குத் திரும்பிவிட முடியும். இரண்டு கடற்கரைகளின் பருவ வேறுபாட்டை இடப்பெயர்வு இப்படி நிரப்புகிறது. அதே வேளையில், அவருடைய கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டையும் தடைக்கால நிவாரணமும் சொந்த ஊரிலேயே இருக்கின்றன. கடலுக்குப் போகும்போது விபத்து நேர்ந்தால் எந்த மாநிலத்து வாரியத்தை நாடுவது என்ற கேள்வி அவருடைய குடும்பத்தை அலைக்கழிக்கும்.

போவதற்கு வழி இருந்தால் மட்டும் போதுமா

போதாது. இதையும் நேராகவே சொல்ல வேண்டும். ஆட்கள் தடையின்றிப் போகும் மாவட்டங்களும் பின்தங்கிக் கிடக்கின்றன; நிதி ஆயோக் 2018இல் தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை இராமநாதபுரமும் விருதுநகரும். போகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். ஊரில் முதியோர் பங்கு கூடுகிறது. உழாமல் விட்ட நிலத்தைச் சீமைக் கருவேலம் பிடித்துக்கொள்கிறது. வரும் பணம் வீடாகவும் நகையாகவும் மாறும் அளவுக்குத் தொழிலாக மாறுவதில்லை. முதல் பத்தியில் சொன்ன முதல் குறையில் உண்மை இல்லாமல் இல்லை.

ஆனால் அந்த உண்மையிலிருந்து எடுக்கப்படும் முடிவு பிழையானது. ஒரு மாவட்டத்தில் தொழில் வளராததற்குத் தண்ணீர், சாலை, மின்சாரம், குளிர்பதனக் கிடங்கு, துறைமுகம், கடன் வசதி என்று காரணங்கள் இருக்கின்றன. 1974இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்பு நிறுவனம் நம் மாவட்டத்து வாலிநோக்கத்தில் உப்பளம் அமைத்தபோது அங்கே வேலை உருவானதற்குக் காரணம் முதலீடு வந்தது; வெளியே போக முடியாமல் ஆட்கள் தேங்கியிருந்தது அல்ல. ஆட்கள் தேங்கிக் கிடந்தாலே தொழில் வரும் என்றால், ராதாரிச் சீட்டுக் காலத்து முதுகுளத்தூர் தொழில் நகரமாகியிருக்க வேண்டும்.

வரும் ஊரின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. ஆட்கள் கூடக் கூட வீட்டு வாடகை ஏறுகிறது, குடிநீர் போதவில்லை, அரசு மருத்துவமனையில் வரிசை நீள்கிறது. இதைக் கண்டு வெளியூர்க்காரருக்கு உரிமை தராதே என்றால், கூலி விஷயத்தில் நினைத்ததற்கு நேர்மாறானது நடக்கிறது. உள்ளூர்க்காரரோடு சம உரிமை உள்ள வெளியூர்க்காரரால் உள்ளூர்க் கூலிக்குக் கீழே போக மறுக்க முடியும், உரிமையற்றவரால் முடியாது. கூலியை இறக்குவதில் அவர் வந்ததன் பங்கைவிட, வந்தபின் எதையும் மறுக்க முடியாத நிலையில் வைக்கப்பட்டிருப்பதன் பங்கு பெரிது. வெளிமாநிலத்துத் தொழிலாளிக்கு முறையான சம்பளச் சீட்டும் காப்பீடும் கேட்பது, அவருக்காக மட்டும் கேட்பது ஆகாது.

எல்லோரும் கதவடைத்தால்

அண்மைக் காலத்தில் தடை புதிய உருவில் வருகிறது. ஹரியானா 2020இல் இயற்றிய சட்டம், மாதம் 50,000 ரூபாய் வரை ஊதியமுள்ள தனியார் வேலைகளில் 75 சதவீதத்தை அம்மாநிலத்தவருக்கே ஒதுக்க வேண்டும் என்றது. அந்த வரம்பு 30,000 ரூபாயாகக் குறைக்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தை, பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் அரசமைப்புக்கு முரணானது என்று கூறி ரத்து செய்தது. ஆந்திரப் பிரதேசம் அதற்கு முன்பே, 2019இல், 75 சதவீத ஒதுக்கீட்டுச் சட்டம் இயற்றியிருந்தது. தமிழ்நாட்டிலும் அப்படி ஒன்று வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுகிறது.

அதை இராமநாதபுரத்திலிருந்து பார்க்க வேண்டும். இத்தகைய சட்டத்தால் ஆதாயம் பெறக்கூடியது ஆட்களை இழுக்கும் வட்டாரம்; சென்னையோ கோவையோ திருப்பூரோ. இராமநாதபுரம் ஆட்களை அனுப்பும் வட்டாரம். தமிழ்நாடு அளவில் சட்டம் வந்தால் நம் இளைஞருக்குத் திருப்பூரில் இடம் கிடைக்கும் என்பது சரிதான். ஆனால், அண்டை மாநிலங்கள் அதே நியாயத்தைப் பேசி அதே சட்டத்தை இயற்றும் நாளில் பெங்களூரில் ஓட்டல் வேலைக்குப் போனவரும், கொச்சியில் படகேறியவரும், ஹைதராபாதில் கணக்கெழுதுபவரும் 25 சதவீதத்துக்குள் நெருக்கியடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஒரு மாநிலம் தனியாகக் கதவடைத்தால் அதற்குச் சில காலம் ஆதாயம் இருக்கலாம். எல்லா மாநிலங்களும் அடைத்தால், அனுப்புவதற்கு உழைப்பைத் தவிர வேறொன்றும் இல்லாத மாவட்டங்கள் முதலில் அடிபடும். அந்தக் கோரிக்கையை எழுப்பும் கூட்டங்கள் பெரும்பாலும் நகரங்களில் நடக்கின்றன என்பதையும், அங்கே கூடுபவர்களில் எத்தனை பேர் இத்தகைய மாவட்டங்களிலிருந்து போனவர்கள் என்பதையும் யாராவது கேட்டுப் பார்க்கலாம்.